திருகோணமலை என்றொரு தேக்குக் கப்பல்

கடலுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மலைக்கோட்டை உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்தாலும் சமவெளியும் சிறுமலையும்தான் தெரியும். ஆனாலும் இந்த மலருக்கு ஒரு பழைய பாய்மரக் கப்பலின் கதையை எழுதுகிறேன். காரணம், அந்தக் கப்பலைக் கட்டிய மரம் நம் தாத்தா காலத்து வீடுகளின் நிலைக்கதவில் இருக்கும் அதே தேக்கு.

நெப்போலியன் காலத்துப் போர்களில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. பம்பாயிலேயே ஒரு போர்க்கப்பல் கட்டச் சொன்னார்கள். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்ற கப்பலை, 1812 டிசம்பரில் அமெரிக்காவின் 'கான்ஸ்டிடியூஷன்' பிடித்து எரித்துவிட்டது. படமும் போச்சு! மறுபடி படம் அனுப்பி, 1816இல் வேலை தொடங்கி, 1817 அக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. கட்டியவர் பார்சித் தலைமைத் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் மலபார் தேக்கு. பெயர் 'டிரிங்கோமலி', அதாவது நம் திருகோணமலை.

ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ ஆணியையும் காக்கும், மரத்தையும் காக்கும். 1897இல் இந்தக் கப்பல் கைமாறி, 'ஃபூட்ராயண்ட்' என்ற பெயரில் 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1987இல் ஹார்ட்டில்பூல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1990இல் தொடங்கிய புதுப்பிப்பு 2001இல்தான் முடிந்தது. பதினோரு வருஷம்! இடையில் 1992இல் பழைய பெயரும் திரும்பி வந்தது. உள்ளறைகளும் பழைய தோற்றம் பெற்றன. உளுத்துப்போனதை மட்டும் மாற்றியதால், பாதிக்கு மேல் பம்பாயில் அறுத்த அதே மரம். பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் இதுவே மூத்தது.

பழைய படகுகளின் உள்மரத்தைப் புதுப்பிக்க ஒரு முறை உண்டு. முதலில் கசிவை நிறுத்தி, மரத்தை நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் வார்னிஷ் உரிந்துவிடும். பழைய பூச்சைச் சுரண்டி, ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாள் போட வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு வார்னிஷைப் பிடிக்கவிடாது. அதனால் பூசுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். முதல் பூச்சு தண்ணியாக இருந்தால்தான் மரத்துக்குள் இறங்கும். பிறகு ஒவ்வொரு பூச்சும் காய்ந்ததும் லேசாகத் தேய்த்து அடுத்ததைப் பூசலாம். அரக்கு பாலிஷ் பளபளக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும். ஈரமான அறைக்கு எண்ணெய் வார்னிஷ்தான் சரி.

இதைப் படகு வைத்திருப்பவர்களுக்காக எழுதவில்லை. நம் ஊரிலும் பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவு மரக்கடைக்குப் போகிறது. தப்பியதன் மேல் எனாமல் பெயிண்டை அப்பிவிடுகிறோம். படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 'பழசு, தூக்கிப் போடு' என்று சொல்லும் முன், ஒரு ஓரத்தில் சுரண்டி உள்ளே எது உளுத்திருக்கிறது, எது உறுதியாக இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜினியரின் முதல் வேலை அதுதான்.