மண்ணில்லாச் சாலட் கீரை வளர்ப்பு

லெட்யூஸ் முதலிய சாலட் கீரைகளை மண்ணின்றிச் சத்துக் கரைசலில் வளர்க்கும் முறை. ஹைட்ரோபோனிக்ஸ் என்றும் வழங்கும். சாய்வான குழாய்களில் மெல்லிய நீர்ப்படலம் வேர்களை நனைத்து ஓடும் உத்தியை இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கினார். கரைசலின் அமில காரநிலை 5.5 முதல் 6.5 வரை இருத்தல் நன்று. நாற்று நட்ட ஐந்தாறு வாரங்களில் அறுவடை. தமிழகச் சமவெளியில் கோடைச்சூடு கரைசலை வெதுவெதுப்பாக்கி வேரழுகலுக்கு வழிவிடும், இலையும் கசக்கும். குளிரூட்டினால் மின்கட்டணம் ஏறும். ஆனால் வளர்ப்பதைவிட விற்பதே கடினம். நீலகிரியின் வயல் லெட்யூஸ் மலிவான போட்டி. வீடுகளோ முளைக்கீரையையும் அரைக்கீரையையுமே நாடுகின்றன. ஓட்டல்களும் பேரங்காடிகளுமே முக்கிய வாடிக்கையாளர்கள். மண்ணின்றிக் கீரை வளர்த்த அமெரிக்காவின் ஏரோஃபார்ம்ஸ் நிறுவனமே 2023இல் திவால் பாதுகாப்பு கோரியது. கொள்முதல் ஒப்பந்தம் கையில் இல்லாமல் முதலிடுவது உசிதமன்று.