சோகையும் இருதயமும்: ஊவாத் தோட்டங்களின் மரணப் பதிவுகளை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு முறை 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழுங்கானதொரு வடிவம் பெற்றது. அன்று தொட்டு மரணம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு காரணம் எழுதப்பட்டு வந்துள்ளது. வரலாற்று மாணவர்க்கு இப்பதிவுகள் பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், காரணம் என்னும் அந்த ஒற்றைச் சொல்லை நாம் எவ்வாறு படிக்கிறோம் என்பது சிந்தித்தற்குரியது. நோய் தொடங்குவது உடலின் ஓரிடத்தில். உயிர் பிரிவது வேறோரிடத்தின் தளர்ச்சியால். பதிவேட்டிலோ இரண்டுக்கும் சேர்த்து ஒரு கட்டமே உண்டு. குருதியில் தோன்றி இருதயத்தில் முடியும் நோய்களைப் பொறுத்தவரை இக்குறை மிகப் பெரிது. ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை இக்கண்கொண்டு பார்த்தவர் சிலரே.

ஹல்துமுல்லை அப்புத்தளை மலைவிளிம்பின் கீழே, பலாங்கொடையிலிருந்து பெரகலைக்கு ஏறும் வீதியில் அமைந்துள்ளது. புகையிரதம் 1893இல் அப்புத்தளைக்கு வருமுன்னர், இரத்தினபுரிப் பக்கமிருந்து ஊவாவுக்கு ஏறுவோர்க்கு இதுவே வாயில். ஊவா தனி மாகாணமானது 1886இல். அதற்கு முன்னரே, 1869இல், இதே மலைநாட்டின் கிழக்குப் புறத்திலுள்ள மடுல்சீமையிலேதான் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதல் கண்டறியப்பட்டது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. பருவகால வேலைக்கு வந்து போன தமிழ்த் தொழிலாளர் ஆண்டு முழுவதும் லயங்களிலே தங்குவோராயினர். கோப்பிச் செடிக்கு வந்த நோயை விளக்க நூல்கள் பல எழுந்தன. அச்செடியை நட்டவரின் நோயைப் பற்றி எழுந்தவை அத்துணை இல்லை.

தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. செலவைத் தாங்க வேண்டியவர் துரைமாரா அரசாங்கமா என்னும் வழக்கு அதன் பின்னரும் ஓயவில்லை. 1912இல் புதிய சட்டங்கள் வேண்டியிருந்தன. நடைமுறையில் தொழிலாளி கண்ட மருத்துவம் தோட்டத்து டிஸ்பென்சரியும் அங்கிருந்த மருந்து கலப்பவரும்தாம். மரணம் நிகழ்ந்தால் தோட்ட நிர்வாகம் அறிவிக்கும். அறிவித்த காரணமே பெரும்பாலும் பதிவாகும். வயிற்றோட்டம், இரத்தக் கழிச்சல், சளிச்சுரம் என்பவற்றோடு, பலவீனம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லொன்றும் அக்காலத் தோட்ட மரணக் கணக்குகளில் அடிக்கடி காணப்படுகிறது. பலவீனம் என்பது ஒரு நோயன்று. எழுதியவர் எங்கே விசாரணையை நிறுத்திக் கொண்டார் என்பதையே அது காட்டுகிறது.

அப்பலவீனத்தின் பின்னே நின்றவற்றுள் ஒன்றை இன்று நன்கறிவோம். கொளுக்கிப் புழுவை இத்தாலிய மருத்துவர் துபினி 1843இல் விவரித்தார். வெறுங்காலின் தோல்வழிப் புகுந்து, குடலிலே பற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியை உறிஞ்சும் அப்புழு, மலசலகூடமற்ற லயங்களின் ஈரமண்ணில் செழித்தது. குருதியில் செந்நிறப் பொருள் குறையக் குறைய, உடலுக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொண்டு செல்ல இருதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அவ்வாறு உழைத்த இருதயம் விரிந்து தளரும். மேட்டு மலையில் கூடை சுமந்து ஏறுபவர்க்கு மூச்சு வாங்கும். காலும் முகமும் வீங்கும். புழு குடலில் இருக்க, மரணம் இருதயத்தின் வழி வந்தது.

இவ்விடத்தில் நம் மொழி பற்றி ஒன்று கூறுதல் பொருந்தும். சோகை என்று நாம் இன்று குருதிக் குறைவை மட்டுமே சொல்கிறோம். பழைய வழக்கில் அச்சொல் உடல் வெளுத்தலையும் ஊதுதலையும் ஒருசேரக் குறித்தது. வீக்கத்தைக் குறிக்கும் வடசொல்லோடு அது உறவுடையது. பாண்டு முற்றினால் வீக்கம் தோன்றும் என்பதும் நாட்டு வைத்தியர் அறிந்ததே. குருதிக்கும் இருதயத்துக்கும் இடையிலான தொடர்பை அவர்கள் உடற்கூற்று வழி விளக்கவில்லை. ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவைக் கணித்தனர். பதிவேட்டின் ஆங்கிலம் அந்த அளவுக்கேனும் போகவில்லை.

ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினர். அக்காலத்து மருந்துகளான தைமோலும் செனோபோடியம் எண்ணெயும் நஞ்சின் தன்மை கொண்டவை. ஆகவே, இருதயம் மிகத் தளர்ந்தோர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றைக் கொடுத்தல் ஆகாது என்பது மருத்துவ விதியாயிருந்தது. இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். நோய் மிக முற்றியவரே, இருதயம் தளர்ந்தமையால், சிகிச்சைக்குத் தகாதவராயினர். ஒருவர் பிழைப்பாரா என்பதைப் புழுவின் தொகையோடு இருதயத்தின் நிலையும் சேர்ந்தே தீர்மானித்தது. 1930களில் போட்டோரிக்கோவில் காசல் முதலிய ஆய்வாளர், புழு நீங்காத நிலையிலும் போதிய இரும்புச்சத்துக் கொடுத்தால் குருதி தேறும் எனக் காட்டிய பின்னரே, முதலில் உடலைத் தேற்றிப் பின்னர் புழுவை நீக்கும் முறைக்கு உறுதியான அடிப்படை கிடைத்தது.

இதே உண்மையை, தோட்டத்து வறுமையோடு எவ்விதத் தொடர்புமற்ற வேறொரு நோயின் வரலாறும் காட்டுகிறது. மல்டிபிள் மயலோமா எனப்படும் அந்நோய் என்புமச்சையிலுள்ள ஒருவகைக் கலங்கள் பெருகுவதால் வரும் புற்று. லண்டன் நகர வணிகரான தோமஸ் மக்பீன் என்பவர் 1844இல் மார்பில் ஏதோ முறிந்தது போன்ற வலியால் துன்புற்றார். முதலில் குருதி எடுத்தனர், மேலும் தளர்ந்தார். பின்னர் இரும்பும் கொயினாவும் கொடுத்தனர், சிலகாலம் தேறினார். அவ்விரண்டும் நம் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் நன்கறிந்த மருந்துகளே. பின்பு உடலில் வீக்கங் கண்ட மருத்துவர் மக்கின்ரயர் சிறுநீரைச் சோதித்து, சூடேற்றினால் கரைந்து ஆறினால் மீண்டும் உறையும் விந்தையான புரதமொன்றைக் கண்டார். 1845இல் அதனை ஆராய்ந்த ஹென்றி பென்ஸ் ஜோன்ஸின் பெயராலேயே அப்புரதம் இன்றும் வழங்குகிறது. மக்பீன் 1846 சனவரி முதல் நாள் இறந்தார். என்புகள் கத்திக்கு இளகும் வண்ணம் மென்மையாகியிருந்தன. மரணச் சான்றிதழிலோ, புரத நீரிழிவால் வந்த உடல் மெலிவு என்றே எழுதினர். லண்டனின் மெலிவும் ஊவாவின் பலவீனமும் ஒரே வகைச் சொற்கள்.

அப்புரதம், நோய் எதிர்ப்புப் புரதத்தின் இலகு சங்கிலியே என்பதை எடல்மனும் காலியும் 1962இல் நிறுவினர். அதே சங்கிலி உறுப்புகளிற் படிந்து அமிலோயிட் ஆகலாம் என்பதை 1971இல் கிளென்னர் குழுவினர் காட்டினர். இருதயத் தசையில் அது படியுமாயின் தசை விறைத்து, நிரம்பவும் சுருங்கவும் இயலாததாகும். மயலோமா நோயாளருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு இத்தகைய படிவு நேரலாம். அமிலோயிட் நோயில் இருதயம் எவ்வளவு தாக்குண்டது என்பதே ஆயுளைக் கணிக்கும் முதற் சான்று. குருதியில் துரோப்போனின் முதலிய இருதயக் குறிகாட்டிகளை அளந்து நோயின் கட்டத்தை வகுக்கும் முறை 2004இல் வந்தது. படிவு இல்லாதவர்க்கும் ஆபத்து இல்லாமலில்லை. சோகை, முதுமை, குருதியமுக்கம், சிறுநீரகத் தளர்ச்சி ஆகியவை அனைத்தும் இருதயத்தின் மேலேயே சுமையேற்றுகின்றன. மருந்துகளும் அவ்வாறே: 1980களில் புகழ்பெற்ற கூட்டுச் சிகிச்சையில் இடம்பெற்ற டொக்சோரூபிசின் இருதயத் தசையைச் சிதைக்க வல்லது, 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்பில்சோமிப் சிலர்க்கு இருதயத் தளர்ச்சி தருகிறது. மெல்பலான் காலத்தில் மூன்றாண்டளவில் நின்ற சராசரி ஆயுள் இன்று பன்மடங்கு நீண்டிருப்பதால், அவ்வாயுளைத் தாங்கும் இருதயம் முன்னிலும் முதன்மை பெறுகிறது. வலிய மருந்தும் மூலக்கல மாற்றும் எவர்க்குத் தகும் என்பதை மருத்துவர் இருதயத்தைச் சோதித்த பின்னரே முடிவு செய்வர். தைமோல் காலத்து விதி மறுபடியும் வருகிறது. ஆனால் இப்போது தகாதவரைத் திருப்பியனுப்பாமல், மருந்தையும் அளவையும் மாற்றிக் கொடுக்க வழியுண்டு.

மேலைநாட்டு ஆய்வொன்றில், நோய் கண்டறியப்பட்டபோதே மயலோமா நோயாளருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் சோகையுற்றிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர்க்கு என்பு வலி இருந்தது. முகம் வெளுத்தல், இடுப்பு வலி, மூச்சிரைப்பு, கால் வீக்கம் என்னும் நான்கையும் ஹல்துமுல்லைத் தோட்டமொன்றின் பெண்ணுக்கு அறுபது வயதில் எவரும் நோயென்று கருதார். நாற்பது ஆண்டு கொழுந்துக் கூடை சுமந்த முதுகு வலிக்காதா என்பர். சோறும் சம்பலும் தின்ற உடல் வெளுக்காதா என்பர். இரண்டும் நியாயமான விடைகளாகத் தோன்றுவதே இடர். வறுமை ஒரு நோயைத் தருவது மட்டுமன்று, வேறொரு நோய் ஒளிந்திருக்க இடமும் தருகிறது. நூறாண்டாகச் சோகையையே கண்டு பழகிய கண்ணுக்கு இன்னுமொரு சோகை வியப்பளிப்பதில்லை.

தோட்ட மருத்துவம் 1990களில் தொடங்கிப் படிப்படியாக அரசின் சுகாதாரத் துறையோடு இணைந்து வந்துள்ளது. தியத்தலாவையும் பதுளையும் வீதியால் அடையக் கூடியவை. மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பலாங்கொடை, இரத்தினபுரி வழியாகப் போகலாம். ஆனால் பயணம் தொடங்குவது டிஸ்பென்சரி வாயிலில். அங்கே சிறுநீரைச் சோதிக்கும் சாதாரணப் பட்டை அல்புமின் என்னும் புரதத்துக்கே நிறம் மாறும். பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. பட்டை நிறம் மாறாவிடின், பிழையில்லை என்று சொல்லி இரும்பு மாத்திரை கொடுத்தனுப்புவர். மறுநாள் காலை அவள் மீண்டும் மலையேறுவாள்.