தொகுத்தலும் தொகுப்பித்தலும்: விளையாட்டுக் கணினியின் ஐம்பதாண்டுக் கதை

உயர்திறன் கொண்ட விளையாட்டுக் கணினி ஒன்றைப் பெற விரும்புகிறவர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒரு நிறுவனம் முழுமையாக முடித்துத் தரும் பெட்டியை வாங்கலாம். அல்லது செயலி, மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் என உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளலாம். இக்கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. எது மலிவு என்பது பொருட்படுத்தத் தக்க கேள்விதான். ஆனால் அதற்கான விடை கடந்த ஐம்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது, இனியும் மாறும். அதற்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய பொறியைத் திறக்கவும், அதன் உறுப்பொன்றைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தவும் ஒருவருக்கு வாய்த்திருப்பது எதனால்? தொலைக்காட்சிப் பெட்டிக்கோ கைப்பேசிக்கோ இது இந்த அளவில் வாய்க்கவில்லை. கணினிக்கு வாய்த்தது ஒரு வரலாற்றுத் தற்செயல். அத்தற்செயலின் கதையை அறிந்த பிறகே கட்டுவதா, வாங்குவதா என்பதைத் தீர்மானிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

தமிழ் படித்தவர்களுக்கு இவ்விடத்தில் இரு சொற்கள் நினைவுக்கு வரக்கூடும். சங்க நூல்களைப் பற்றிய பழங்குறிப்புகள் தொகுத்தவர், தொகுப்பித்தவர் என இருவரைப் பிரித்துச் சொல்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடல்களை இயற்றிய புலவர்கள் வேறு ஐவர். கணினியைத் தாமே 'கட்டியதாகச்' சொல்பவரும் அதன் எந்த உறுப்பையும் ஆக்கியவரல்லர். செயலியை இன்டெல்லோ ஏ.எம்.டி.யோ செய்திருக்கும், மதர்போர்டு தைவான் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கும். அவர் தேர்ந்தார், இணைத்தார். அவர் தொகுப்பாசிரியர். பிறர் கையால் செய்வித்துக்கொள்பவர் தொகுப்பித்தவர். இவ்விரு பணிகளும் எப்போது, எப்படிப் பிரிந்தன என்பதே நம் கதை.

கதையின் தொடக்கத்தில் கட்டுதல் என்பது உண்மையாகவே கட்டுதலாக இருந்தது. 1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினியின் படம் வெளிவந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திவந்த எம்.ஐ.டி.எஸ். என்ற சிறு நிறுவனம் அதைத் தயாரித்தது. அவ்வாண்டு விலைப்பட்டியலில் உதிரிகளாக வாங்கினால் 439 டாலர். பூட்டி முடித்ததாக வாங்கினால் 621 டாலர். உதிரிகளாக வாங்கியவர் வெற்றுப் பலகைகளில் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தம் கையால் சால்டரிங் செய்ய வேண்டும். ஓர் இணைப்பு பிசகினாலும் பொறி உயிர்பெறாது. உயிர்பெற்றாலும் திரையில்லை, விசைப்பலகையில்லை; முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டுமே. இடையிலிருந்த 182 டாலர், அறிவுக்கும் பொறுமைக்கும் சந்தை வைத்த விலை.

இப்பழக்கம் கணினியோடு பிறந்ததன்று. மிச்சிகன் மாநிலத்தின் ஹீத்கிட் நிறுவனம் 1947 முதலே ஆசிலோஸ்கோப், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றை உதிரிகளாக விற்றுவந்தது; 1977இல் எச்8 என்ற கணினியையும் அவ்வாறே விற்றது. மனித உழைப்புக்குக் கூலி மிகுதியாக இருந்த நாட்டில், அவ்வுழைப்பை வாங்குபவரே ஏற்றுக்கொண்டால் விலை குறையும் என்பதே அவ்வணிகத்தின் அடிப்படை. தொழிற்சாலைகளில் உறுப்புகளைப் பலகையில் பதிக்கும் எந்திரங்கள் வந்ததும் அந்த அடிப்படை சரிந்தது. 1992இல் ஹீத்கிட் உதிரிப்பெட்டி விற்பனையைக் கைவிட்டது.

கணினி உலகில் அச்சரிவு முன்னரே தொடங்கிவிட்டது. 1976இல் ஸ்டீவ் ஜாப்ஸும் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஆப்பிள் 1 கணினிக்கான வெற்றுப் பலகைகளை விற்கவே எண்ணியிருந்தனர். மவுண்டன் வியூ நகரில் 'பைட் ஷாப்' என்ற கடை நடத்திய பால் டெரல்தான் முழுதும் பூட்டிய பலகைகள் ஐம்பது வேண்டுமென்று கேட்டார். வாங்குபவர்களில் பலர் சால்டரிங் செய்ய விரும்பாதவர்கள் என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. 1977இல் ஆப்பிள் 2, கமோடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்றும் இயக்குவதற்கு ஆயத்தமான நிலையில் வெளிவந்தன. இங்கிலாந்தில் 1981இல் சின்கிளேர் நிறுவனம் இசட்.எக்ஸ். 81 கணினியை உதிரிகளாக 49.95 பவுண்டுக்கும் பூட்டியதாக 69.95 பவுண்டுக்கும் விற்றது. இடைவெளி 20 பவுண்டாகச் சுருங்கியிருந்தது. கட்டுதலின் காலம் முடிந்தது என்று அன்று ஒருவர் எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

அது முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு பெருநிறுவனத்தின் அவசரம். 1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. வழக்கமாக எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் அந்நிறுவனம், ஓராண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்பதற்காகச் சந்தையில் கிடைத்த உறுப்புகளைக்கொண்டே அதை அமைத்தது. செயலி இன்டெல்லுடையது, இயக்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. உள்ளே ஐந்து விரிவாக்கப் பொருத்துவாய்கள் இருந்தன. பிற நிறுவனங்கள் துணைப்பலகைகள் செய்வதற்கு உதவியாக மின்சுற்று வரைபடங்களையும், பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலின் முழு வரிகளையும் கையேடாக அச்சிட்டு விற்றது. அந்நிரலை அப்படியே படியெடுப்பது காப்புரிமை மீறல். ஆகவே காம்பேக் நிறுவனம், அதைப் படித்தவர்களைக்கொண்டு அது செய்யும் பணிகளை மட்டும் எழுதவைத்து, படிக்காதவர்களைக்கொண்டு புதிதாக நிரல் இயற்றவைத்தது. 1984 முதல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலை எவருக்கும் விற்கலாயிற்று. ஐ.பி.எம். பெயரில்லாத ஐ.பி.எம். கணினிகள் பெருகின.

1987இல் ஐ.பி.எம். விழித்துக்கொண்டது. பி.எஸ்./2 வரிசையில் மைக்ரோ சானல் என்ற புதிய பொருத்துவாயைக் கொண்டுவந்து, அதைப் பயன்படுத்த உரிமக் கட்டணம் கேட்டது. மறு ஆண்டே ஒன்பது போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி மாற்றுத் தரம் ஒன்றை அறிவித்தன. திறந்த கதவை மூட முயன்றவரால் மூட முடியவில்லை. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரம், மதர்போர்டின் அளவையும், திருகாணித் துளைகளின் இடத்தையும், மின்னிணைப்பின் வடிவையும் வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் கேபினெட்டில் இன்னொரு நிறுவனத்தின் மதர்போர்டு உட்கார்ந்தது. சால்டரிங் கோலின் இடத்தைத் திருப்புளி பிடித்தது. கட்டுதல் தொகுத்தலானது அப்போதுதான்.

அத்தொகுத்தலுக்கு ஒரு நோக்கம் தந்தவை விளையாட்டுகள். 1993 டிசம்பரில் டூம் வெளிவந்தது, 1996இல் குவேக். அலுவலகக் கணக்கெழுதுபவருக்கு ஐந்தாண்டுப் பழைய கணினி போதும். குவேக் ஆடுபவருக்குப் போதாது. அதே 1996இல் வந்த வூடூ கார்டு முப்பரிமாணப் படங்களை மட்டுமே வரையும். மற்றவற்றுக்கு இன்னொரு கார்டு உடனிருக்க வேண்டும். இரண்டையும் வெளியே ஒரு கம்பி இணைக்கும். அத்தகைய ஒட்டுவேலையை ஆயத்தப் பெட்டி விற்பவர்கள் உடனே ஏற்கவில்லை. ஆட்டக்காரர்கள் தாமே செய்தார்கள். 1998இல் 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்ட செலரான் 300ஏ செயலி, பேருந்தடம் 66லிருந்து 100 ஆக மாற்றப்பட்டால் பெரும்பாலும் 450இல் ஓடும் என்ற செய்தி பரவியபோது, தொகுப்பவரின் அறிவு மீண்டும் பணமாயிற்று.

விளையாட்டுக் கணினியில் தொகுத்தல் நிலைத்ததற்கு ஆழமான காரணமும் இதுவே. அதன் உறுப்புகள் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பத்தாண்டு உழைக்கலாம். கிராபிக்ஸ் கார்டு மூன்று நான்கு ஆண்டுகளில் பின்தங்கிவிடும். பின்தங்கியதை மட்டும் மாற்ற முடிந்தவருக்கு, முதலில் செலவிட்ட தொகை வீணாவதில்லை.

தொகுத்தலில் கைதேர்ந்தவர்கள் அதைப் பிறருக்காகச் செய்யத் தொடங்கியதும் தொகுப்பித்தல் தொழிலாயிற்று. 1996இல் மயாமி நகரில் இரு நண்பர்கள் தொடங்கிய ஏலியன்வேர் அவ்வகையில் பெயர்பெற்றது. 2006இல் டெல் அதை வாங்கியது. அதே ஆண்டில் கனடாவின் வூடூபிசி நிறுவனத்தை எச்.பி. வாங்கியது. தொகுப்பவர்களின் கலகத்தைப் பெருநிறுவனங்கள் விலைக்கு வாங்கிக்கொண்டன எனலாம்.

நம் ஊரில் இத்தொழில் வேறு முகம் கொண்டது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் 'பிராண்டட்', 'அசெம்பிள்டு' என்ற இரு சொற்களே வழங்கின. இரண்டாவதன் பொருள், வாங்குபவர் தாமே பூட்டுவது என்பதன்று. கடைக்காரர் உறுப்புகளின் பெயரையும் விலையையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொட்டேஷன் தருவார். நாம் இதைக் கூட்டி அதைக் குறைப்போம். கடைப் பையன் நம் கண்முன்னே பூட்டித் தருவான். என் தலைமுறையில் கல்லூரி மாணவர் பலருக்கு முதல் கணினி இப்படித்தான் வந்தது. தேர்வு நமது, கை அவருடையது. பில்லில் எழுதிய உறுப்புதான் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நம்முடையதே. ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகப் படித்து வாங்கியவர்கள் நாம். அது சிறிய கல்வியன்று.

இனி நிகழ்காலம். 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டு 699 டாலர் என அறிவிக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாடும் மெய்நிகர் நாணயச் சுரங்கமும் சேர்ந்து, 2021இல் அது வெளிச்சந்தையில் இருமடங்குக்கும் மேல் விற்றது. கார்டைத் தனியே வாங்க முடியாதவர்கள், அது உள்ளே இருக்கிறது என்பதற்காகவே முழுக் கணினியை வாங்கினார்கள். தொகுத்தலே மலிவு என்ற பழைய கணக்கு அவ்வாண்டு தலைகீழானது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த நெருக்கடி தளர்ந்தது. இப்போது நினைவகத்தின் முறை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்க, 2025 இறுதியில் ராம் விலை ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் பொது நுகர்வோருக்கான குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. உறுப்பைத் தனியே விற்பவர் இல்லையெனில் தொகுப்பவரும் இல்லை.

பொறுப்பும் கனத்துவிட்டது. 1996இன் வூடூ கார்டில் விசிறிகூடக் கிடையாது. 2022இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட் மின்சாரம் வேண்டும். அதன் மின்னிணைப்பான் உருகிய நிகழ்வுகள் வெளியானபோது, இணைப்பான் முழுமையாகச் செருகப்படாததைப் பொதுவான காரணமாக நிவிடியா சொன்னது. பின்னர் இணைப்பானின் வடிவமும் திருத்தப்பட்டது. தாமே பூட்டியவருக்கு இத்தகைய வேளையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிறுவனம், ஒரு வாரண்டி. பழுது எதில் என்று அவரே கண்டறிய வேண்டும். ஆயத்தக் கணினி வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவரே. இது சிறிய வசதியன்று.

ஆகவே பொறியைப் புரிந்துகொள்ள விருப்பமும், ஒரு நாள் முழுதும் ஒதுக்கும் பொறுமையும் உள்ளவர் கட்டட்டும். விலையில் பெரிய மிச்சம் இல்லாவிட்டாலும், அடுத்த பத்தாண்டுக்கு அந்த அறிவு உடனிருக்கும். மற்றவர் தயங்காமல் வாங்கட்டும். வாங்கும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். மதர்போர்டு ஏ.டி.எக்ஸ். போன்ற பொதுத்தரத்தைச் சேர்ந்ததா? எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் வேறு நிறுவனத்தினுடையதைப் பொருத்த முடியுமா? ஒவ்வோர் உறுப்பின் பெயரும் மாதிரி எண்ணும் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், வாங்கியவரும் நாளை தொகுப்பவராகலாம். இல்லையெனில், எவ்வளவு மலிவானாலும் அது மூடிய பெட்டி.

மூடிய பெட்டிகளை நோக்கியே காலம் நகர்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். பழுது நீக்கவும் மாற்றவும் எளிதான மடிக்கணினிகளால் பெயர்பெற்ற ஃபிரேம்வொர்க் நிறுவனம், 2025 பிப்ரவரியில் மேசைக்கணினி ஒன்றை அறிவித்தது. அதன் மதர்போர்டு பொதுத்தர அளவிலானது. ஆனால் நினைவகம் பலகையோடு சால்டரிங் செய்யப்பட்டது. அதில் உள்ள ஏ.எம்.டி. செயலி கேட்கும் வேகத்தைக் கழற்றி மாட்டும் நினைவகத்தால் தர இயலவில்லை என்பது காரணம். இங்கே கதவை மூடுவது பேராசை அன்று, வேகமே மூடுகிறது. 1975இல் ஆட்டக்காரரின் கையிலிருந்த சால்டரிங் கோல், ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தொழிற்சாலையின் கையில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நமக்குக் கிடைத்தது ஒரு திருப்புளி. அதைப் பயன்படுத்துபவர்கள் இருக்கும்வரைதான் உறுப்புகளைத் தனியே விற்பவர்களும் இருப்பார்கள்.