வெள்ளை பெல்ட்டில் மூணு மாசம்

ஓபிக்கு ஒரு தம்பி வந்தார். பெரம்பலூர் பக்கம். மோதிர விரல் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேல முறிவு இல்லை. பக்கத்து விரலோட சேர்த்து ஒட்டிவிட்டேன். வாராவாரம் திருச்சிக்கு பஸ் ஏறிப் போய் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கத்துக்கிறாராம். "மூணு மாசமா எல்லார்கிட்டயும் தோத்துக்கிட்டே இருக்கேன் சார். விட்டுடலாமானு இருக்கு" என்றார்.

வெளியே வரிசை நீண்டு நின்றது. அவரிடம் சொல்ல நேரமில்லாத கதை இது.

ஜியு-ஜிட்சு கிளைச்சது ஜூடோவிலிருந்து. ஜூடோவை உருவாக்கினவர் ஜிகோரோ கானோ. 1860ல் பிறந்தவர். குள்ளமா, ஒல்லியா, நல்லாப் படிக்கிற பையன். விடுதியில பெரிய பசங்க கிட்ட தொடர்ந்து அடி வாங்கினார். பலசாலியை மடக்கும் ஜூஜுட்சு கத்துக்கணும்னு ஆசை. ஆனா சாமுராய் காலம் முடிஞ்சு, அந்த ஆசான்களுக்கு மதிப்பே போயிருந்த நேரம் அது. பலர் எலும்பு கட்டிப் பிழைச்சுக்கிட்டிருந்தாங்க. நம்ம குமரி மாவட்ட வர்ம ஆசான்கள் மாதிரிதான், அடிக்கவும் தெரியும், கட்டவும் தெரியும். அதனால கானோ டோக்கியோவில் எலும்பு கட்டுற வைத்தியர்களா பார்த்து விசாரிச்சார். 1877ல் அப்படித்தான் ஃபுகுடா என்ற குரு கிடைச்சார். (இதைப் படிச்சிட்டு முறிவுக்கு நாட்டுக்கட்டு போடக் கிளம்பிடாதீங்க. முதல்ல எக்ஸ்ரே.)

அங்கே விளக்கம் எல்லாம் கிடையாது. "இந்த வீச்சு எப்படி?"னு கேட்டா குரு தூக்கிப் போடுவார். திரும்பக் கேட்டா திரும்பத் தூக்கிப் போடுவார். விழுந்து விழுந்து உடம்புக்கே புரியணுமாம். கானோ உடம்பெல்லாம் வலியோட, தைலம் பூசிக்கிட்டுப் போய் வந்தார்.

கூடப் பழகினவர்களில் ஒருத்தர் ரொம்பப் பெரிய உடம்பு. கானோவால அவரை அசைக்கவே முடியல. சுமோ பிடிகளைப் போட்டுப் பார்த்தார், வேலைக்கு ஆகல. நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். எதிராளியைத் தோள்மேல தூக்கிப் போடுற ஒரு பிடி கிடைச்சது. பழகிப் பழகி அதே ஆளைத் தூக்கிப் போட்டார். இன்னைக்கும் ஜூடோவில் அதுக்கு கட்டா குருமா, அதாவது தோள் சக்கரம்னு பேர்.

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். தோத்தவர் "நமக்கு வராது"னு நினைக்கல; "இந்த ஆள்கிட்ட எது எடுபடும்?"னு கேட்டார். முதல் கேள்விக்கு ஓரிரவு அழுகைதான் மிச்சம். ரெண்டாவதுக்கு நூலகத்துல பதில் இருந்துச்சு.

1882ல் டோக்கியோவில் ஒரு கோவில்ல பன்னிரண்டு பாய் விரிச்ச இடத்தில் தன் பள்ளியான கோடோகனைத் தொடங்கினார். அங்கே தேறியவர் மிட்சுயோ மயேடா. அவர் 1914ல் பிரேசில் போனார். அவர்கிட்ட கத்துக்கிட்ட கார்லோஸ் கிரேசியின் தம்பிதான் ஹீலியோ. நோஞ்சான் உடம்புங்கிறதால பலம் குறைவா தேவைப்படுற பிடிகளை மெருகேத்தினார்னு அந்தக் குடும்பத்தில் சொல்றாங்க.

கலர் பெல்ட் கதையும் இதோட சேர்ந்ததுதான். கானோ காலத்தில் வெள்ளை, கருப்புனு பெரிய இடைவெளி. ஐரோப்பாவில் புதுசா சேர்ந்தவங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நடுவுல படிப்படியா கலர் வந்துச்சு. 1930கள்ல பாரிஸ்ல கவாய்ஷி அதைப் பரவலாக்கினார். ஜியு-ஜிட்சுவில் கருப்புக்குப் பொதுவா பத்து வருஷம் ஆகும். அதான் வெள்ளை பெல்ட்டிலேயே டேப் ஒட்டி நாலு கோடு வரைக்கும் தர்றாங்க. ஆக, சோர்ந்துபோறது தம்பியோட தனிக் குறை இல்லை.

நம்ம நாட்டிலயும் ஒரு முயற்சி நடந்தது. தாகூர் 1905ல் சானோ என்ற ஜூடோ ஆசிரியரையும், 1929ல் தகாகாகியையும் சாந்திநிகேதனுக்கு வரவழைச்சார். பெண்களும் பழகினாங்க. ஆனாலும் அங்கே அது நிலைச்சு வேரூன்றல. கானோவுக்குக் கீழே ஒரு பள்ளி நின்னது, கூட உருள ஆள் இருந்தது. அரியலூர், பெரம்பலூர்ல கபடி ஆடாத ஊரைத் தேடணும். கணுக்காலைப் பிடிச்சு இழுக்கத் தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறினா பாதி சோர்வு குறையும்.

மத்தபடி டாக்டரா சில விஷயம். விழப் பழகுறதை அவசரப்படுத்தாதீங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே கையைத் தட்டுங்க. தட்டியும் விடாத ஆளோட உருளாதீங்க. காது வீங்கினா அன்னைக்கே காட்டுங்க. பாயிலிருந்து படர்தாமரை தொத்தும். மெடிக்கல்ல ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வாங்கிப் பூசாம, நேரா ஜிஎச் தோல் பிரிவுக்கு வாங்க.