கற்பூரம் உண்ணும் சிற்றுயிர்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில், வீரமாகாளியம்மன் கோயிலை அடுத்த கடைகளில் மல்லிகைச் சரமும் ஊதுவத்தியும் கற்பூரமும் ஒருங்கே மணக்கும். கற்பூரத்தை ஏற்றி, ஒளியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அத்துடன் அதனை மறந்துவிடுகிறோம். ஆயின், அக்கற்பூரத்தையே உணவாகக் கொண்டு வாழவல்ல நுண்ணுயிர் ஒன்று மண்ணில் உண்டு என்பதைப் பலர் அறியார். சூடோமோனாஸ் புட்டிடா என்பது அதன் பெயர். அதற்கு அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு, நம் கடலையும் மருத்துவமனையையும் தொட்டு நிற்கும் வரலாறாகும்.

பாக்டீரியத்தின் பரம்பரைச் சொத்து அதன் குரோமோசோம். எதை உண்பது, உண்டதை எவ்வாறு ஆற்றலாக மாற்றுவது என்னும் வளர்சிதை மாற்ற விதிகளுட் பெரும்பாலானவை அதிலேயே பொறிக்கப்பட்டுள்ளன. அதற்குப் புறம்பாக, பெரும்பாலும் வளைய வடிவில் அமைந்த சிறு மரபுப்பொருள் ஒன்றும் சில உயிரணுக்களில் காணப்படும். 1952 இல் அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் இத்தகையவற்றுக்குப் பிளாஸ்மிட் எனப் பெயரிட்டார். தமிழில் கணிமி என்பாரும் உளர். தாயிடமிருந்து சேய்க்குச் செல்வதோடு இது அமைவதில்லை. அண்டையில் உள்ள அயல் உயிரணுவுக்கும் தாவிச் செல்லும். பரம்பரைச் சொத்துக்கு நடுவே, அயலார் தந்த கொடை இது எனலாம்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கன்சாலஸ் என்னும் பேராசிரியர் கற்பூரம் உண்ணும் நுண்ணுயிரை நெடுங்காலம் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. மேற்கு வங்காளத்துச் சைந்தியாவில் 1938 இல் பிறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கற்பூரத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் குரோமோசோமில் இல்லை, இடம்பெயரும் பிளாஸ்மிட் ஒன்றிலேயே உள்ளன என்பதை 1973 இல் இக்குழுவினர் வெளியிட்டனர். அதனை இழந்த உயிரணு கற்பூரத்தை உண்ண இயலாது போயிற்று; பெற்ற உயிரணு உண்ணத் தொடங்கிற்று.

துணிப்பேழையில் நாம் இடும் அந்துருண்டையின் மூலப்பொருளாக நெடுங்காலம் விளங்கிய நாஃப்தலீனைச் சிதைக்கும் பிளாஸ்மிட்டும் அக்காலத்தே கண்டறியப்பட்டது. இத்தகைய பிளாஸ்மிட் கடினமான அப்பொருளைப் படிப்படியாக உடைத்து, உயிரணு முன்னரே கையாளத் தெரிந்த எளிய பொருள்களாக்கித் தருகிறது. எஞ்சிய வேலையைப் பரம்பரைச் சொத்தான குரோமோசோம் முடித்துக்கொள்கிறது. வந்த விருந்தாளி அரிசி கொணர்ந்தாலும், அடுப்பு வீட்டுக்காரருடையதே.

ஆனால் விருந்தாளியைப் பேணுதற்குச் செலவு உண்டு. பிளாஸ்மிட்டைப் படியெடுக்கவும் அதன் புரதங்களை ஆக்கவும் உயிரணு தன் ஆற்றலைச் செலவிட வேண்டும். அதனால் வளர்ச்சி குன்றுவதும் உண்டு. விருந்தாளி வீட்டு நடைமுறையை மாற்றுவதும் உண்டு. கார்பசோல் என்னும் பொருளைச் சிதைக்க உதவும் பிளாஸ்மிட் ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர் ஆராய்ந்தனர். அதிலுள்ள ஒரு மரபணு ஆக்கும் புரதம், குரோமோசோமின் பல மரபணுக்களையும் கட்டுப்படுத்துகிறது என 2010 இல் அவர்கள் காட்டினர். கற்பூரமே இல்லாத மண்ணில் கற்பூரப் பிளாஸ்மிட் வெறுஞ்சுமை. கற்பூரம் உள்ள இடத்தில் அதுவே உயிர். சுமையா செல்வமா என்பதைச் சூழலே முடிவு செய்கிறது.

1971 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திற் சேர்ந்த சக்கரவர்த்தி, பல பிளாஸ்மிட்டுகளை ஓர் உயிரணுவில் குடியேற்ற முனைந்தார். கச்சா எண்ணெய் பலவகைப் பொருள்களின் கலவையாதலால், ஒருவகை ஆற்றல் அதற்குப் போதாது. கற்பூரத்துக்குரியதும் ஆக்டேனுக்குரியதும் ஓரணுவில் இணங்கி வாழவில்லை; புறஊதாக் கதிரின் உதவியால் அவற்றை ஒன்றாக இணைத்தார். நாஃப்தலீனுக்கும் சாலிசிலேட்டுக்கும் உரியவற்றையும் சேர்த்தார். உயிருள்ளதற்குக் காப்புரிமை இல்லை என அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980 சூன் 16 அன்று ஐவர் ஆதரவும் நால்வர் எதிர்ப்புமாகத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று.

அந்நுண்ணுயிர் கடலைத் தூய்மை செய்ததா? இல்லை. திறந்த கடலில் அது விடப்படவே இல்லை. 1997 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் நீரிணையில் எவாய்கோஸ், ஒராப்பின் குளோபல் என்னும் கப்பல்கள் மோதி, ஏறத்தாழ 28,500 டன் எண்ணெய் கொட்டியது. 2024 சூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் நேர்ந்த மோதலில் ஏறத்தாழ 400 டன் கொட்டி, செந்தோசாக் கரை கறுத்தது. அங்கே மணலை அள்ளியவை மனிதக் கைகளே. கடலில் எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்கள் இயல்பாகவே உள்ளன. அவற்றுக்குப் பெரும்பாலும் குறைவது நைட்ரசனும் பாஸ்பரசும். ஆய்வுக்கூடத்தில் செல்வமாயிருந்தது அலைகடலிலும் செல்வமாயிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சூழல் கைகொடுத்தால் நேர்வது என்ன என்பதை மருத்துவமனை காட்டுகிறது. 1950களில் ஜப்பானில் பரவிய சீதபேதிக் கிருமிகள் பல மருந்துகளை ஒருசேர எதிர்த்தன. அவ்வெதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவுவதை 1959 இல் ஜப்பானிய அறிஞர் கண்டனர். தாவியது பிளாஸ்மிட் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. சிங்கப்பூரின் ஆறு பொது மருத்துவமனைகளில் 2010 முதல் 2015 வரை சேகரித்த கிருமிகளின் மரபுப்பொருளை ஆராய்ந்த அறிஞர்கள், கிருமிகள் பரவியதோடு, பிளாஸ்மிட்டுகளும் கிருமி விட்டுக் கிருமி தாவியிருந்த தடயங்களை 2022 இல் வெளியிட்டனர். கடைசித் துணையாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணுக்கள் அவற்றில் இருந்தன.

மருந்து நிறைந்த சூழலில் அச்சுமையே கிருமிக்குச் செல்வம். அச்சூழலை அமைத்தவர் நாம். மருந்தை நிறுத்தினால் சுமை உடனே உதிரும் என்றும் நம்புதற்கில்லை. காலப்போக்கில் உயிரணு தன்னை மாற்றிக்கொண்டு, சுமையின் செலவைக் குறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே, தேவையற்ற மருந்தை முதலிலேயே தவிர்ப்பதும், மருத்துவமனையில் கைகழுவுவதும் சிறு செயல்கள் அல்ல.

கோயில் தட்டில் எரியும் கற்பூரம் எச்சமின்றி மறைகிறது. அதனை உண்ணக் கற்ற நுண்ணுயிரோ, கற்றதை அண்டை அயலுக்கும் வழங்கிச் செல்கிறது. அது எதை வழங்க வேண்டும் என்று நாம் கட்டளையிட இயலாது. எதை வைத்திருத்தல் அதற்கு இலாபம் என்பதை மட்டும், அறிந்தோ அறியாமலோ, நாம் நாள்தோறும் முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.