எண்ணப்படாதோர்: தெஹிவளைக் கரையோரம் சார்ந்த மூன்று துயர நிகழ்வுகள்

பெருவிபத்தொன்று நிகழ்ந்ததும் முதலில் எழும் வினா 'எத்தனை பேர்?' என்பதாகும். அதனையடுத்து, இறந்தோரின் இல்லங்களிலிருந்து எழும் வினா 'எங்கே?' என்பதாகும். முதல் வினாவிற்குப் பத்திரிகைகள் மறுநாளே ஓர் எண்ணை விடையாக அளித்துவிடுகின்றன. இரண்டாம் வினாவிற்கோ சில வேளைகளில் ஆண்டுகள் பல கடந்தும் விடை கிடைப்பதில்லை.

விபத்து நிகழ்ந்த இடத்திற்கு விரையும் பொலிசார், தீயணைப்போர், மருத்துவ உதவியாளர், படையினர், அயற்கிராமத்தார் ஆகியோரின் கடமை, காயமுற்றோரை வைத்தியசாலைக்கு அனுப்புவதுடன் முடிந்துவிடுவதாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், ஊர்தியில் இருந்தோர் அனைவரும் கணக்கில் வந்துவிட்டனரா என்பது தெளிவாகும் வரை அக்கடமை நிறைவெய்துவதில்லை. கணக்கில் வராத ஒருவர் இடிபாட்டுள் உயிருடன் கிடத்தல் கூடும். தூக்கி வீசப்பட்டுப் பற்றைக்குள்ளோ நீருக்குள்ளோ கிடத்தல் கூடும். இறந்திருப்பினும், அவர் இறந்தார் என்பதை உறுதிப்படுத்த இயலாத குடும்பம் துயரினின்றும் மீள வழியின்றித் தவிக்கும். இக்கடமை இலங்கையில் எவ்வெவ்விடங்களில் இடர்ப்பட்டது என்பதைத் தெஹிவளையோடும் அதனையடுத்த இரத்மலானையோடும் தொடர்புற்ற மூன்று நிகழ்வுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கெடுப்பின் அடிப்படை

பலியானோரைக் கணக்கெடுப்பதற்கு இரண்டு பட்டியல்கள் வேண்டும். ஊர்தியில் ஏறியோர் யாவர் என்பது ஒன்று. உயிருடனோ உயிரற்றோ கண்டெடுக்கப்பட்டோர் யாவர் என்பது மற்றையது. இவ்விரண்டையும் பெயருக்குப் பெயர் ஒப்புநோக்கி, எஞ்சுவோர் எவருமிலர் என்று காணும்பொழுதே கணக்கு முடிவுறும். சர்வதேசப் பொலிஸ் அமைப்பாகிய இன்ரபோல் 1984ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட வழிகாட்டியும் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டதாகும். காணாமற்போனவரைப் பற்றி உறவினர் கூறுவன மஞ்சள் நிறப் படிவத்திலும், கண்டெடுக்கப்பட்ட உடலில் காணப்படுவன இளஞ்சிவப்பு நிறப் படிவத்திலும் பதியப்படுகின்றன. விரலடையாளம், பற்பதிவு, மரபணு ஆகியவற்றைக் கொண்டு அவ்விரு படிவங்களும் பொருத்தப்படுகின்றன.

முதற் பட்டியலுக்குப் பயணிகளின் பெயர்ப் பதிவு தேவை. இரண்டாவதற்கு விபத்து நிகழ்ந்த இடம் தெரிதல் தேவை. இவ்விரண்டும் வாய்க்கப்பெற்றதற்குக் கட்டுநாயக்கா விபத்தை எடுத்துக்காட்டலாம். 1978 நவம்பர் 15ஆம் நாள் நள்ளிரவையொட்டி, ஹஜ் கடமையை முடித்து மீண்ட இந்தோனேசிய யாத்திரிகர்களை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நாட்டு விமானமொன்று, கட்டுநாயக்கா விமான நிலையத்தை அணுகுகையில் தென்னந்தோட்டமொன்றில் வீழ்ந்தது. விமானத்தில் இருந்தோர் 262 பேர், இறந்தோர் 183, உயிர் தப்பியோர் 79. இரவு நேரத்து விபத்தாயினும், அயல்நாட்டார் பயணஞ்செய்த விமானமாயினும், இறந்தோரும் தப்பியோரும் சேர்ந்து ஏறியோரின் தொகைக்குச் சரியாக வருகின்றனர். இனிக் கூறப்படும் மூன்று நிகழ்வுகளிலும் இத்தகைய கணக்கைக் காணல் அரிது.

இடம் இருந்தது, பட்டியல் இல்லை

முதலாவது தெஹிவளையிலேயே நிகழ்ந்தது. 1996 யூலை 24ஆம் நாள் மாலை, அலுவலகம் முடிந்து வீடு திரும்புவோரால் நிறைந்திருந்த புகையிரதமொன்றில், அது தெஹிவளை நிலையத்தில் நின்றவேளை குண்டுகள் வெடித்தன. தமிழீழ விடுதலைப் புலிகள் மீது சுமத்தப்படும் இத்தாக்குதலில் இறந்தோர் 64 பேர் என்பது பொதுவாகக் குறிப்பிடப்படும் தொகையாகும். காயமுற்றோர் 400க்கு மேற்பட்டோராவர். இது திட்டமிட்ட கொலையேயன்றி விபத்தன்று. எனினும், மீட்கச் சென்றோரின் முன்னிருந்த பணி, பெரும் புகையிரத விபத்தொன்றில் எதிர்ப்படும் பணியினின்றும் வேறுபட்டதன்று.

வெடித்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததே. களுபோவிலையிலுள்ள பெரிய வைத்தியசாலையும் தொலைவில் இல்லை. ஆயினும் பெட்டிகளில் இருந்தோர் யாவர் என்பதைக் கூற எவராலும் இயலாது. புகையிரதச் சீட்டில் புறப்படும் இடமும் சேரும் இடமும் கட்டணமும் உண்டு. பயணியின் பெயர் இல்லை. பருவகாலச் சீட்டு வைத்திருப்போரும் குறித்தவொரு நாளில் குறித்தவொரு வண்டியில் ஏறினரா என்பதற்குப் பதிவில்லை. வெள்ளவத்தையில் இறங்கிவிட்டவர் யார், அங்கு ஏறியவர் யார் என்பதையும் எவரும் அறியார்.

ஆகவே, இத்தகைய நிகழ்வுகளில் முதற் பட்டியலை உறவினரே ஆக்க வேண்டியவராகின்றனர். வழமையான நேரத்திற்கு வீடு வராதவரைத் தேடி அவர்கள் வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைகின்றனர். பின்னர் பிரேத அறைக்குச் செல்கின்றனர். அவர்கள் கேட்கும் பெயர்களின் தொகுப்பே ஏறியோரின் பட்டியலாக அமைகின்றது. இதில் பெருங்குறையொன்று உண்டு. தேடிவர எவருமில்லாதவர் அப்பட்டியலில் இடம்பெறார். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதிகளின் விடுதிகளில் தங்கியோர் பலர். கடவுச்சீட்டிற்காகவோ வெளிநாட்டுப் பயணத்திற்காகவோ காத்திருந்த அத்தகையோரில் ஒருவர் ஒரு மாலை அறைக்குத் திரும்பாதவிடத்து, அவரைப் பற்றி அன்றே விசாரிக்க உறவினர் அயலில் இருந்திருக்கமாட்டார். கேட்பாரற்றவரும் கணக்கில் வரவேண்டுமாயின், மீட்போர் தாமே பதிவைத் தொடங்குதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

பட்டியல் இருந்தது, இடம் தெரியவில்லை

இரண்டாவது நிகழ்வு இதற்கு நேர்மாறானது. 1998 செப்ரெம்பர் 29ஆம் நாள், பலாலியிலிருந்து இரத்மலானையை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம், புறப்பட்ட சில நிமிடங்களில் தொடர்பற்றுப்போயிற்று. தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. மருத்துவத்திற்கும் கல்விக்கும் உத்தியோகத்திற்கும் தலைநகர் செல்வோர்க்குக் கடலும் வானுமே வழிகளாக இருந்தன. அவ்விமானத்தில் பயணிகள் 48 பேரும் பணியாளர் 7 பேருமாக 55 பேர் இருந்தனர். ஒவ்வொருவர் பெயரும் பதிவில் இருந்தது. பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர்.

பெயர்கள் இருந்தன, உடல்கள் இல்லை. வீழ்ந்ததாகக் கருதப்பட்ட கடற்பரப்பு போர் நடைபெற்ற பரப்பாதலின், முறையான தேடுதல் நிகழ்தற்குரிய சூழல் அங்கு இல்லை. சுட்டு வீழ்த்தப்பட்டதெனப் பலரும் நம்பினராயினும், சான்று கிட்டாதவிடத்து நம்பிக்கை அறுவதில்லை. விமானம் வேறெங்கோ இறங்கியிருக்கலாம், பயணிகள் எவராலோ தடுத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் குடும்பங்கள் சிலவற்றில் ஆண்டுக்கணக்காக நிலவியது.

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. 2012 ஒக்ரோபரிலேயே இரணைதீவை அண்டிய கடலடியில் அவ்விமானத்தின் சிதைவுகளைக் கடற்படையினர் கண்டறிந்தனர். இடையே கடந்தவை 14 ஆண்டுகள். தொடர்ந்து மனித எச்சங்களும் உடைகளும் பிற பொருள்களும் மேலே கொண்டுவரப்பட்டன. உறவினர் அடையாளங் காண்பதற்காக அவ்வுடைகளும் பொருள்களும் 2014இல் யாழ்ப்பாணத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. புறப்பட்ட நாளில் தாய் மடித்துக் கொடுத்த சட்டையையோ மனைவி தைத்த பொத்தானையோ கொண்டு ஒருவரை இனங்காண முயலும் நிலை அது. உப்புநீரில் அத்தனை காலம் கிடந்த எலும்பு தன் பெயரைக் கூறுதல் எளிதன்று. மீட்பில் ஏற்படும் தாமதம் உயிரை மட்டுமன்றி அடையாளத்தையும் அழிக்கின்றது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

இரண்டும் இல்லாதபொழுது

மூன்றாவது, இவை அனைத்தினும் பெரிது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை, நத்தாருக்கு மறுநாள். காலை கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட மாத்தறைக் கடுகதிப் புகையிரதம், வெள்ளவத்தையையும் தெஹிவளையையும் கடந்து கரையோரமாகத் தெற்கே சென்றது. காலி மாவட்டத்தின் பெரலியவில், காலை 9.30 மணியளவில் அது நின்றவேளை ஆழிப்பேரலை தாக்கிற்று. முதலலையைக் கண்டு அஞ்சிய ஊரவர் பலர், பாதுகாப்பெனக் கருதிப் பெட்டிகளுள்ளும் கூரைகளிலும் ஏறினர். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைத் தண்டவாளத்தினின்றும் பெயர்த்து வீசியது.

மீட்புப்பணி அங்கு தொடங்குவதற்கே பல மணிநேரம் சென்றது. கரையோரத்து நிலையங்களும் வீதிகளும் தொடர்புகளும் ஒருங்கே அழிந்தமையால், புகையிரதம் எங்கே நிற்கின்றது என்பதே அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. பிற்பகலில் வானிலிருந்து பார்த்த பின்னரே அதன் நிலை அறியப்பட்டது. உயிர் தப்பியோர் ஏறத்தாழ 150 பேர் எனப்படுகின்றது. இறந்தோர் 1,700க்குக் குறையார் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. 2,000க்கு மேல் என்பாரும் உளர். கண்டெடுக்கப்பட்ட உடல்களோ ஏறத்தாழ 900 மட்டுமே. சில கடலோடு சென்றன. சிலவற்றை உறவினரே எடுத்துச் சென்றனர். உரிமை கோரப்படாத உடல்கள் 200க்கு மேற்பட்டவை, இருப்புப்பாதையோரத்தில் மூன்று நாள்களின் பின் அடக்கஞ் செய்யப்பட்டன.

இங்கு, விற்பனையான சீட்டுகளின் தொகை ஏறியோரின் தொகையாகாது. சீட்டின்றிச் சென்றோரும், அலைக்கஞ்சி ஏறிய ஊரவரும் எப்பதிவிலும் இலர். குடும்பம் குடும்பமாகப் பயணஞ் செய்தோர் முற்றாக அழிந்தமையால், அவர்களைத் தேடி வருவதற்கே ஆளில்லாது போயிற்று. இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1964 டிசெம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டியைப் புயலலை விழுங்கிய நிகழ்வும் இத்தகையதே. அதில் இருந்தோர் 115 பேர் என எழுதப்பட்டுவரினும், சீட்டின்றி ஏறியோரையும் சேர்த்தால் தொகை மிகுமென்று அன்றுமுதல் கூறப்பட்டு வருகின்றது. பாக்குநீரிணையின் இருபுறத்தும் கடலோர இருப்புப்பாதை தன் பயணிகளின் தொகையைத் துல்லியமாகக் கூறவியலாது நின்றது.

உடல்களை விரைந்து அடக்கஞ் செய்தமைக்கு வெப்பமும் நோய்பற்றிய அச்சமும் காரணங்களாயின. ஆயின், இயற்கை அனர்த்தத்தில் இறந்தோரின் உடல்கள் கொள்ளைநோயைத் தோற்றுவிப்பது அரிது என்பது மருத்துவர் கருத்தாகும். உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் இணைந்து 2006இல் வெளியிட்ட, முதலில் உதவச் செல்வோர்க்கான கைந்நூல் இதனை வலியுறுத்துகின்றது. உடல் ஒவ்வொன்றுக்கும் தனியிலக்கம் இடுதல், முகத்தையும் உடையையும் ஒளிப்படமெடுத்தல், அடக்கஞ் செய்த இடத்தைக் குறித்துவைத்தல் ஆகியவற்றை அது விதிக்கின்றது. இவற்றிற்குப் பெருங்கருவிகள் வேண்டுவதில்லை. இலக்கமிட்ட அட்டையும் ஒளிப்படக் கருவியும் குறிப்பேடும் போதும்.

சட்டமும் குடும்பமும்

உடல் கிடைக்காதவரின் மரணத்தைச் சட்டம் எளிதில் ஏற்பதில்லை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றிக் குறித்த காலம் வரை எச்செய்தியும் இல்லாதவிடத்தே, அவர் உயிருடன் உளர் என்பதை நிறுவும் பொறுப்பு அவ்வாறு கூறுவோரைச் சாரும். அதுவரை கைம்பெண் கைம்பெண்ணாகாள். பிள்ளைகள் சொத்திற்கு உரித்துடையோராகார். ஓய்வூதியமும் காப்புறுதியும் தடைப்படும். ஆழிப்பேரலையின் பின்னர் 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்து, காணாமற்போய் இறந்தோராகக் கருதப்பட்டோர்க்கு மரணச் சான்றிதழ் வழங்க வழிவகுத்தது. சட்டம் அளித்த நிவாரணம் மிகத் தேவையானதே. ஆயினும் சான்றிதழ் ஒரு முடிவை எழுதித் தருகின்றதேயன்றி, எங்கே என்ற வினாவிற்கு விடை தருவதில்லை.

முடிவுரை

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய நோயாளர் காவுவண்டிச் சேவையும் இலங்கையின் மீட்புப்பணியை முன்னையினும் பெரிதும் வலுப்படுத்தியுள்ளன. விரைவு கூடியுள்ளது. விரைவோடு பதிவும் கூடுதல் வேண்டும். காயமுற்றவர் எவ்வண்டியில் எவ்வைத்தியசாலைக்குச் சென்றார் என்பதை இடத்திலேயே ஒருவர் குறித்தல், தாமாக நடந்து சென்றோரையும் எழுதிக்கொள்ளல், தப்பியோரிடம் 'உம்மருகில் இருந்தவர் யார்?' என வினவுதல், இடிபாட்டிற்கு அப்பாலும் தேடுதல், வைத்தியசாலைகளின் பட்டியல்களை ஓரிடத்தில் ஒப்புநோக்குதல் என்பன அப்பதிவின் கூறுகளாம். தெஹிவளையில் இல்லாதிருந்த பட்டியலை இவை ஓரளவேனும் ஈடுசெய்யும். இரணைதீவுக் கடலில் கிட்டாத இடத்தையோ பெரலியவில் இழந்த நேரத்தையோ இவற்றால் மீட்டுத்தர இயலாது. எனினும், கிடைத்தவர்களையேனும் பெயருடன் திருப்பிக் கொடுக்க இவற்றால் இயலும்.

தொகையை முழுமையாக்கிச் சொல்வது செய்திக்கு இலகுவானது. ஆயிரத்து எழுநூறு என்பதும் இரண்டாயிரம் என்பதும் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும். அவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள முந்நூறு பேரும் ஒவ்வொருவராக அன்று காலை வீட்டினின்றும் புறப்பட்டவர்களே. அவர்களை ஒவ்வொருவராகவே எண்ணுதல் மீட்கச் செல்வோரின் இறுதிக் கடமையாகும்.