யமுனை வழிமாறிய ஒரு வாரம்

ஊரிலிருந்து நம் காலனிக்கு வந்து சேரும் மாமியாரோ பெரியப்பாவோ, பெட்டியை இறக்கி வைத்த கையோடு கேட்கும் முதற் கேள்வி, "இங்கே தண்ணீர் எப்படி?" என்பதே. அரிசியைப் பற்றிய விசாரணைகூட அதற்குப் பின்னர்தான். நாமும் ஒரு தம்ளரில் குழாய்நீரைப் பிடித்துக் கொடுக்கிறோம். அவர்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு வாய் பருகி, "உப்புக் கரிக்கவில்லை, பருப்பு வேகும்" என்று தீர்ப்பு வழங்குகிறார்கள்.

கண்ணும் மூக்கும் நாவும் கூடி வழங்கும் இத்தீர்ப்பு ஊர்க் கிணற்றுக்கு ஓரளவு பொருந்தும். கிணற்றின் அருகே யார் துவைக்கிறார்கள், மழை பெய்தால் எந்தப் பக்கத்து நீர் உள்ளே இறங்கும் என்பவை தெருவுக்கே தெரிந்த செய்திகள். குழாய்நீரின் கதை வேறு. அது எங்கே எடுக்கப்பட்டது, வழியில் எதைத் தொட்டு வந்தது என்பது குடிப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை. தில்லித் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி, இந்நகரின் குழாய்நீர் வரலாற்றில் உண்டு. 1955-ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த அது, உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடமாகிவிட்டது. நம்மிடையேயோ அதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலர்.

முதலில் இடத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். யமுனை வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. நகரின் வடகோடியில், மேற்குக் கரையில் உள்ள வஜீராபாத்தில் ஆற்றுநீர் இறைக்கப்பட்டது. அதே கரையில், சற்றுத் தெற்கே, நஜஃப்கர் நாலா ஆற்றில் கலக்கிறது. நாலா என்ற சொல்லை நாம் ஓடை என்று பெயர்த்தால், அதற்கு அதிக மரியாதை கொடுத்தவர்கள் ஆவோம். அக்காலத்திலேயே அது நகரின் கழிவைச் சுமந்து வந்த கால்வாய். நீர் எடுக்கும் இடம் மேலே, சாக்கடை விழும் இடம் கீழே. ஆறு கீழ்நோக்கியே ஓடும், ஆகவே கவலையில்லை. இவ்வளவுதான் அந்த ஏற்பாட்டின் தர்க்கம். அது தவறான தர்க்கமும் அன்று. ஆறு தன் வழியில் ஓடும்வரை பிழையேதும் நேரவில்லை.

1955 அக்டோபரில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆற்றின் முதன்மை ஓட்டம் மேற்குக் கரையை விட்டு விலகிப் போயிருந்தது. வஜீராபாத்தில் நீர் எடுக்கும் வாயின் முன்னே வேகமற்ற நீரே எஞ்சியது. நாலாவின் கழிவை முன்போல் தெற்கே தள்ளிச் செல்லும் ஓட்டம் அங்கில்லை. இறைக்கும் எந்திரங்களோ வடக்கே இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருந்தன. நாலாவின் நீர் மேல்நோக்கித் திரும்பியது. நவம்பர் நடுவில் ஏறத்தாழ ஒரு வாரம், தலைநகரின் குடிநீர் எடுக்கும் இடத்திற்கே சாக்கடை வந்து சேர்ந்தது.

நீர்நிலையத்தார் இதைக் கவனியாமல் இருந்துவிட்டனர் என்று எண்ணிவிடலாகாது. நீரின் நிலை கெட்டதை அறிந்து படிகாரத்தின் அளவைக் கூட்டினர், குளோரினையும் கூட்டினர். அக்கால அறிவின்படி செய்யத் தக்கது அதுவே. அவர்கள் குளோரின்மீது வைத்திருந்த நம்பிக்கை ஏதோ சோம்பலால் பிறந்ததன்று. அரை நூற்றாண்டு அனுபவம் அதன் பின்னே நின்றது.

அந்த அனுபவத்தையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 1897-இல் இங்கிலாந்தில் மெயிட்ஸ்டோன் என்னும் சிறுநகரில் குழாய்நீர் வழியே டைபாய்டு காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 1,900 பேர் படுத்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சலவைத்தூளைக் கரைத்து நீர்த்தொட்டியையும் குழாய்களையும் கழுவி அந்நகரை மீட்டார்கள். 1905-இல் லிங்கன் என்னும் மற்றோர் ஊரில் அதே காய்ச்சல் வந்தபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற அறிஞர் அங்கே குடிநீரிலேயே குளோரின் மருந்தைத் தொடர்ந்து கலக்கச் செய்தார். நீரில் மருந்தா என்று மக்கள் முகம் சுளித்தனர். ஆனால் அதன் பின்னர், முறையாகக் குளோரின் இட்ட நகரங்களில் டைபாய்டும் வாந்திபேதியும் பின்வாங்கிய வேகத்தைக் கண்டு அந்த முணுமுணுப்பு அடங்கியது. ஆகவே 1955-இல் தில்லிப் பொறியாளர் ஒருவர் குளோரினைக் கூட்டிவிட்டு ஓரளவு ஆறுதல் அடைந்திருந்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நவம்பர் கழிந்தது. வாந்திபேதி பெருகவில்லை. டைபாய்டும் பெருகவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்றே தோன்றியிருக்கும்.

டிசம்பர் பிறந்ததும் மருத்துவமனைகளுக்கு மஞ்சட்காமாலை நோயாளிகள் வரத் தொடங்கினர். நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறியது. ஜனவரி இறுதிவாக்கில் அது தணிவதற்குள், கண்ணும் மேனியும் மஞ்சளிக்க நோயுற்றவர்கள் ஏறத்தாழ 29,300 பேர் என்று கணக்கிடப்பட்டது. வல்லபாய் படேல் மார்புநோய் ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் ஆர். விசுவநாதன் இந்நோய்ப் பரவலை ஆராய்ந்து 1957-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. நோய் வந்த நாட்களிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு முந்தைய அந்த ஒரு நவம்பர் வாரத்தில் கணக்குப் போய் நின்றது. குடித்தவர் மறந்துவிட்ட தண்ணீர், உடலுக்குள் ஆறு வாரம் காத்திருந்து தன்னைக் காட்டிக்கொண்டது.

பாக்டீரியாக்களைக் கொன்ற குளோரின், அவற்றினும் நுண்ணிய ஒரு வைரசை விட்டுவிட்டது என்பதே இதன் பொருள். சாக்கடை கலந்த நீரில் அழுக்கும் அமோனியாவும் மிகுதி. இடும் குளோரினில் பெரும்பகுதியை அவையே விழுங்கிவிடும். எஞ்சுவது அமோனியாவோடு கூடிய வலிமை குறைந்த குளோரின். டைபாய்டுக் கிருமியை அடக்க அது போதும், வைரசுக்குப் போதாது. கலங்கல் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும் வைரசை அது நெருங்குவதும் இல்லை.

நோயின் போக்கில் இரண்டு செய்திகள் மருத்துவர்களைத் திகைக்க வைத்தன. பொதுவாகக் குழந்தைகளைப் பிடிக்கும் காமாலை, இம்முறை பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே அதிகமாகப் பிடித்தது. இது முதற் செய்தி. மற்றது கொடியது. நோயுற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினர். கருவுற்ற பெண்கள் அவ்வாறு தேறவில்லை. அவர்களில் மாண்டவர்களின் விகிதம் பத்துக்கு ஒன்று என்ற அளவை எட்டியது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகக் காத்திருந்த பெண், நம் காலனியைப் போன்ற ஒரு காலனியில், மூடிவைத்த குடத்திலிருந்து தெளிந்த நீரை மொண்டு குடித்திருப்பாள். அந்நீரில் நிறமில்லை, நாற்றமில்லை, உப்பும் இல்லை.

இது எந்தக் காமாலை என்பது கால் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 'ஏ' வகை என்றே நெடுங்காலம் கருதினர். ஆனால் நம் நாட்டில் அவ்வகை வைரஸ் இளமையிலேயே வந்து போய்விடுகிறது. வளர்ந்தவர்களில் பெரும்பாலோர்க்கு எதிர்ப்பாற்றல் உண்டு. அப்படியாயின் வளர்ந்தவர்களை வீழ்த்தியது எது? 1978-இன் இறுதியில் காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இதேபோன்ற காமாலை பரவி, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அங்கும் கருவுற்ற பெண்களே மிகுதியாக மாண்டனர். டாக்டர் எம்.எஸ். குரூ என்னும் காஷ்மீர மருத்துவர் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, இது புதிய வைரசாக இருக்க வேண்டும் என்று 1980-இல் எழுதினார். அதே ஆண்டில் வேறோர் ஆய்வுக் குழுவினர், 1955-56 தில்லி நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த இரத்தநீரைச் சோதித்து, அது 'ஏ'யும் அன்று 'பி'யும் அன்று என்று காட்டினர். இருபத்தைந்து ஆண்டுகள் குளிரில் உறங்கிய அந்தச் சிறு குப்பிகளை எவரோ எறியாமல் வைத்திருந்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எஞ்சிய பகுதி கதைபோல் இருக்கும். சோவியத் அறிஞர் மிகயில் பலயான் என்பவர் நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே உட்கொண்டார். ஐந்து வாரங்கள் கழித்துக் காமாலையில் படுத்தார். தம் மலத்திலேயே அந்த வைரசை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 1983-இல் வெளியிட்டார். 1990-இல் அதன் மரபுக்கூறு பிரித்தறியப்பட்டு, 'ஹெபடைடிஸ் ஈ' என்ற பெயர் நிலைத்தது.

தில்லி பெருநகர், வெள்ளம் அரிய நிகழ்ச்சி, இனி அப்படி நேராது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சிம்லாவைக் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் நாம் குழந்தைகளை அழைத்துச் செல்லும் அதே சிம்லாதான். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றே முக்கால் இலட்சம் மக்களையும் எட்டாத மலைநகர். அதன் குடிநீரில் ஒரு பகுதி அசுவனி கட் என்னும் ஓடையிலிருந்து ஏற்றப்பட்டது. அவ்வோடையின் மேற்பகுதியில், மலியாணா என்னுமிடத்தில், நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையம் உள்ளது. அதன் வெளியேற்றம் அதே ஓடையில் கலந்தது. நிலையம் செம்மையாக நடக்கும்வரை எல்லாம் நலம். நடவாத நாளில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பரில் காமாலை பரவியது. நோயுற்றோர் ஆயிரத்துக்கு மேற்பட்டனர். 'ஈ' வைரசே என்று புனே வைராலஜி நிறுவனத்தார் உறுதி செய்தனர். கழிவுநீரிலும் குடிநீரிலும் அதன் தடயத்தைக் கண்டனர். 2016 ஜனவரியில் அவ்வோடையிலிருந்து நீர் எடுப்பது நிறுத்தப்பட்டது. தில்லியில் ஆறு வழிதவறியதால் கேடு வந்தது. சிம்லாவில் ஓடை தன் இயல்பான வழியிலேயே ஓடியது. கழிவை மேலேயும் குடிநீரைக் கீழேயும் வைத்தவர் மனிதர்.

இந்தியத் தரநிலையின் குடிநீர் விதி, ஐ.எஸ். 10500 என்பது, 2012-இல் திருத்தி வெளியிடப்பட்டது. நூறு மில்லி லிட்டர் நீரில் ஈ. கோலி என்னும் கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்கிறது அது. லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. வைரசிலிருந்து பாதுகாப்பு வேண்டுமாயின் அது 0.5 ஆக இருக்க வேண்டும் என்று தனியே ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறது. அந்தச் சிறு குறிப்பை நான் படிக்கும்போதெல்லாம் 1955-இன் நவம்பர் வாரம் கண்முன் நிற்கிறது. ஈ. கோலி இல்லை என்று சான்றிதழ் பெற்ற நீரிலும் வைரஸ் இருக்கக்கூடும். தில்லி அதைத் தன் மக்களின் உடலில் சோதித்து அறிந்தது.

நிலையத்திலிருந்து நன்னீராகப் புறப்பட்டதும் நம் காலனிக்கு வரும்போது அப்படியே இருக்கும் என்பதில்லை. நாளுக்குச் சில மணி நேரமே நீர் வரும் குழாயில், மற்ற நேரங்களில் அழுத்தம் இராது. குழாயில் ஒரு விரிசலும் அருகே ஒரு சாக்கடையும் இருந்தால், வெறுங்குழாய் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். இதற்கு நாமும் உதவி செய்கிறோம். நீர் வரும் நேரத்தில் வீட்டுக் குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் இருக்கிறதே, அது தெருக் குழாயின் அழுத்தத்தை இறக்கி, வெளிநீரை உள்ளே இழுக்கிறது. தமக்குக் கூடுதலாக இரண்டு வாளி சேர்த்துக்கொள்ளும் அன்பர், பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்கு எதைச் சேர்க்கிறார் என்பதை அறிவதில்லை. நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தால் இந்த வைரஸ் மடியும். வெந்நீர்ப் பானையை அடுப்பிலிருந்து இறக்காத நம் பாட்டிமார், காரணம் அறியாமலே சரியானதைச் செய்தார்கள். முதல் நீர் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வரும் நாளில் சில வாளிகளை விட்டுவிட்டுப் பிடிப்பது பலரது வழக்கம். அது வைரசுக்கு மருந்தாகாது. அன்று கொதிக்கவைப்பதோடு, நீர் வாரியத்திற்கும் எழுதிப் போட வேண்டும்.

வஜீராபாத்தில் பின்னர் ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டது. அணைக்கு மேலே தேங்கும் நீரே இன்று இறைக்கப்படுகிறது. நாலாவின் நீர் இப்போது மேலேறி வர வழியில்லை. ஆயினும் குளிர்காலத்தில் மேலிருந்தே அமோனியா மிகுந்த நீர் வருவதாகவும், அதனால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் உற்பத்தி குறைக்கப்படுவதாகவும் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். குளோரினை விழுங்கும் அதே அமோனியாதான். வடதில்லியில் வாழும் அன்பர்கள் ஒரு மாலையில் வஜீராபாத் பாலத்தின்மேல் சற்று நின்று பார்க்கலாம். அணையின் ஒரு பக்கத்தில் நாம் குடிக்கப் போகும் நீர் தேங்கி நிற்கும். மறுபக்கத்தில், சிறிது தொலைவிலேயே, நஜஃப்கர் நாலா கருநிறமாக யமுனையில் வந்து விழுந்துகொண்டிருக்கும்.